பேனுக்குக் காவல் இருந்த மகள்

போன வருடம் கார்த்திகை மாதம், காரைக்குடியில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த நாட்களில் நடந்தது இது. பேன் என்றதும் முகத்தைச் சுளிக்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். கதை முழுக்கப் பேன்தான்.

எனக்கு மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை. வயலிலும் கிணற்றிலும் ஓடுகிற மோட்டார் எரிந்துபோனால் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். மழைக்காலத்தில் எவன் மோட்டார் போடுகிறான்? பட்டறையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து என் மனைவி கொல்லைப் படியில் பாசி வழுக்கி விழுந்து வலது கையை ஒடித்துக்கொண்டாள். முழங்கைக்கு மேலே வரைக்கும் மாவுக்கட்டு.

சமையல், பாத்திரம், துணி எல்லாம் என்னிடம் வந்தது. அதெல்லாம் கூடப் பரவாயில்லை. சோறு குழைந்துபோனால் கஞ்சி என்று சொல்லிக் குடித்துவிடலாம். என் மகளின் முடிதான் என்னைக் கவிழ்த்தது. ஏழாம் வகுப்பு படிக்கிறாள். குழந்தையில் குலசாமிக்கு மொட்டை போட்டதோடு சரி, அதற்கப்புறம் கத்தரி படாத முடி. இடுப்பைத் தாண்டித் தொங்கும். தினமும் எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, இரட்டைச் சடை பின்னி, மடித்து ரிப்பன் கட்ட வேண்டும். அதையெல்லாம் நான் எங்கே கண்டேன்? காயில் சுற்றுகிற மாதிரி சுற்றி ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு அனுப்பினேன். பள்ளி வேனில் இந்தப் பிள்ளைகள் நாலு பேர் ஒரு சீட்டில் நெருக்கி உட்கார்ந்து, தலையோடு தலை முட்டிக்கொண்டு கதை பேசிக்கொண்டு வரும். யார் தலையில் இருந்ததோ, இவள் தலைக்கும் வந்து சேர்ந்தது. சாதாரண நாளாக இருந்தால் அவள் அம்மா மறுநாளே கண்டுபிடித்திருப்பாள். நான் கவனிக்கவே இல்லை. பிள்ளை தலையைச் சொறிந்தால், பரீட்சைக்கு யோசிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு ஒரே அக்கா. கல்லல் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறது. மனைவி கை ஒடிந்தது கேட்டு, உதவிக்கு இருக்கிறேன் என்று பஸ் ஏறி வந்துவிட்டாள். ஐம்பதைத் தாண்டிய வயது. ஆனால் முடி மட்டும் இருபது வயதுப் பெண்ணுக்கு இருக்கிற மாதிரி. தேங்காய் அளவுக்குக் கொண்டை, அதைச் சுற்றி எப்போதும் ஒரு முழம் பூ. அந்தக் கொண்டையில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. பகலில் வேலை, ராத்திரியில் என் மகளோடு ஒரே பாயில், ஒரே போர்வையில் படுக்கை. அத்தையும் மருமகளும் அவ்வளவு ஒட்டு.

ஒரு சனிக்கிழமை காலையில் அக்காதான் பிள்ளைக்குச் சடை போட உட்கார்ந்தாள். முடியைப் பிரித்ததும் ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள்.

"ஆத்தாடி! ஏண்டா, இது தலையா, கறையான் புத்தா? இங்குட்டு வந்து பாரு. ஒன் பட்டறையிலகூட இம்புட்டுக் கூட்டம் வராதுடா!"

"மெதுவாப் பேசுங்க மதினி, பக்கத்து வீட்டுல கேக்கப் போகுது" என்றாள் என் மனைவி கட்டிலில் இருந்து.

"கேக்கட்டும்! ஒளிச்சு வைக்க இது என்ன நகையா?"

அன்றைக்கெல்லாம் அக்கா வாரினாள். மறுநாளும் வாரினாள். வேப்பெண்ணெய் வைத்தாள். சீத்தாப்பழக் கொட்டையை அரைத்துப் பூசலாம் என்றாள். கண்ணில் பட்டால் கண்ணே போய்விடும், வேண்டவே வேண்டாம் என்று என் மனைவி தடுத்துவிட்டாள். வாரிக்கொண்டே இருந்தும் பேன் வந்துகொண்டே இருந்தது. அடர்த்தியான முடி வேறு. சீப்பு பாதியில் மாட்டிக்கொள்ளும், பிள்ளை கத்தும், அக்கா முதுகில் ஒன்று வைப்பாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் பட்டறையில் இருந்து வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. மகள் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சாமி படத்துக்குக் கீழே மஞ்சள் துணியில் ஒரு காசு கட்டித் தொங்கியது. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் சாமிக்கு நேர்ந்துகொள்கிறவர்கள் அப்படித்தான் கட்டி வைப்பார்கள். பிள்ளை தலையில் பேன் ஒழிந்தால் குன்றக்குடி முருகனுக்கு அவள் முடியை இறக்குகிறோம் என்று அக்கா நேர்ந்து, கட்டியும் வைத்துவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த டிபன் பாக்ஸைத் தரையில் போட்டேன்.

"யாரைக் கேட்டு நேர்ந்த?"

"சாமிக்கு நேர யாரைடா கேக்கணும்? கலெக்டர் ஆபீசுல மனுக் குடுத்துட்டு வரணுமா?"

"முடி ஒன் தலையிலயா இருக்கு?"

"பேனு ஒம் மக தலையிலதான இருக்கு! ரெண்டு மாசத்துல வளந்துட்டுப் போகுது. பொம்பளைப் பிள்ளைக்கு மொட்டை போட்டா முடி கருகருன்னு வரும்."

"அப்ப நீ போட்டுக்க."

இன்னும் நிறையப் பேசினேன். எழுத முடியாததையும் பேசினேன். என் வீட்டு விஷயத்தில் இனிமேல் தலையிட வேண்டாம் என்று கத்தியதும் அக்கா ஒயர் கூடையை எடுத்தாள். ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் கல்லல் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள். நானும் தடுக்கவில்லை.

அந்த மஞ்சள் துணியை அவிழ்த்துப் போட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் மனைவியிடம் கேட்டேன். மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டி, "இந்தக் கையும் போகணுமா?" என்று இடது கையையும் நீட்டினாள். கட்டினவர்கள்தான் அவிழ்க்க வேண்டும், அதுவும் கோயிலில் கொண்டுபோய்த்தான் அவிழ்க்க வேண்டும். ஊரில் எவனுக்கும் பயப்படாத நான் சாமிக்குக் கட்டின துணியைத் தொடப் பயந்தேன். உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்?

இதற்கப்புறம்தான் வேடிக்கை. இரண்டு நாள் அழுத என் மகள், மூன்றாம் நாள் சந்தோஷமாகச் சாப்பிட்டாள். மனைவிக்கே சந்தேகம் வந்துவிட்டது. பேன் சீப்பைத் தேடினால் காணோம். வேப்பெண்ணெய்ப் பாட்டிலைக் காணோம். கடைசியில் இரண்டும் அரிசி டிரம்முக்குள் கிடந்தன. என்னடி இது என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"அத்தை என்ன சொன்னாக? பேன் போனாத்தானே மொட்டை? போகலேன்னா?"

என் மனைவி ஒடிந்த கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் கை வலிக்கும், வலித்தாலும் சிரிப்பு நிற்கவில்லை. என் மகள் முடியைக் காப்பாற்றப் பேனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்! சீப்போடு யார் கிட்டே வந்தாலும் ஓடினாள். அவள் அம்மா ஒரு கையாலேயே பிடித்து உட்கார வைத்து வாரினால், "ரெண்டு மூணு பெருசை மட்டும் விட்டுருங்கம்மா" என்று கெஞ்சினாள். அதட்டிப் பார்த்தேன். சாமி மேலே சத்தியமாகப் பேன் போகக்கூடாது என்று திருப்பிச் சொன்னாள். யாரிடம் போய் இதற்கு நியாயம் கேட்பது?

சிரித்துக்கொண்டே விட்டுவிட்டதுதான் தவறாகப் போயிற்று. பத்துப் பதினைந்து நாளில் பிள்ளை சோர்ந்துபோனாள். பின்கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் சொறிந்து சொறிந்து புண். கழுத்தில் உருண்டை உருண்டையாக நெறி கட்டியிருந்தது. ஒரு நாள் காய்ச்சலோடு பள்ளிக்கூடத்தில் இருந்து அனுப்பிவிட்டார்கள். ஸ்கூட்டரில் உட்கார வைத்து ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். தலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு அந்தம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"இது எத்தனை நாளா இருக்கு? புண்ணுல சீழ் பிடிச்சிருக்கு, காய்ச்சல் அதனாலதான். இவ்வளவு தூரம் ஏன் விட்டீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முழுக் கதையையும் சொல்லிவிட்டாள். அத்தை, மஞ்சள் துணி, அரிசி டிரம் எல்லாம். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அப்புறம் பிள்ளையின் கன்னத்தைத் தட்டி, "சாமிகிட்ட உங்கப்பா பேசிக்கட்டும். பேன்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார்கள். புண்ணுக்கு மாத்திரையும் களிம்பும், தலைக்கு ஒரு மருந்தும் எழுதினார்கள். மருந்தைப் போட்டுக் குளிப்பாட்டிவிட்டுச் சீப்பால் வார வேண்டும். ஈர் பொரித்து வருமாம், அதனால் ஒரு வாரம் விட்டு இன்னொரு தடவை போட வேண்டும். தலையணை உறை, போர்வை எல்லாவற்றையும் வெந்நீரில் துவைக்க வேண்டும். வீட்டில் இருக்கிற எல்லோர் தலையையும் பார்த்து, எல்லோரும் சேர்ந்து போட வேண்டும். இதைச் சொல்லும்போது என் தலையைப் பார்த்துச் சொன்னார்கள். எனக்குச் சுருக்கென்றது.

வரும் வழியில் பிள்ளை ஸ்கூட்டரில் என் முதுகில் சாய்ந்துகொண்டு வந்தாள். காய்ச்சல் சட்டையைத் தாண்டிச் சுட்டது. கழனிவாசல் பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தி பாலும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். பன்னைத் தொடாமல் கேட்டாள்.

"பேன் போயிருச்சுன்னா என் முடி போயிரும்லப்பா?"

"போகாது."

"சாமிக்கு நேந்தாச்சே?"

"சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். ஒன் முடியில ஒண்ணுகூடக் குறையாது. அப்பன் சொல்றேன்ல? பன்னைத் தின்னு."

எப்படிப் பதில் சொல்லப்போகிறேன் என்று அப்போது எனக்கே தெரியாது. ஆனால் அவள் பன்னைத் தின்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் திருவிழா. காய்ச்சல் விட்டிருந்தது. மருந்தைப் போட்டு, குளிப்பாட்டி, முற்றத்து வெளிச்சத்தில் வெள்ளை வேட்டியை விரித்துப் பிள்ளையை உட்கார வைத்தேன். என் மனைவி கட்டிலை வாசல் பக்கம் இழுத்துப் போடச் சொல்லி, அதில் உட்கார்ந்து உத்தரவு போட்டாள்.

"அங்குட்டு இல்லீக, காதுக்குப் பின்னாடி. கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சு எடுங்க. என்ன இந்த இழு இழுக்குறீக? அது மோட்டாரில்ல, பிள்ளை தலை!"

முதல் அரை மணி நேரம் எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் கை பழகிவிட்டது. தலைமுடி மாதிரி மெல்லிய கம்பியை அறுந்துவிடாமல் மோட்டார் பள்ளத்தில் இறக்குகிற வேலை எனக்குப் பழக்கம்தானே. சிக்கு வந்தால் அடியில் இருந்து விடுவித்துக்கொண்டு மேலே போகவேண்டும் என்பதைக் கண்டுபிடித்தேன். பிள்ளை கத்துவதை நிறுத்திவிட்டாள். சீப்பை வேட்டியில் தட்டினால் பொலபொலவென்று உதிர்ந்தது. கட்டைவிரல் நகத்தில் வைத்து ஒவ்வொன்றாகக் குத்தினேன். 'டப்'பென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தில் ஒரு சுகம் இருக்கிறது. அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். இத்தனை நாள் பேனுக்குக் காவல் இருந்த என் மகள் கட்சி மாறிவிட்டாள். வேட்டியில் ஓடுகிறதை எல்லாம் விரட்டிப் பிடித்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் கை காட்டி, "போய்ட்டு வாங்க, போய்ட்டு வாங்க" என்றாள்.

"அடியே, வாங்கன்னு சொல்லாதடி! போன்னு மட்டும் சொல்லு" என்று என் மனைவி பதறினாள். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும்.

மனைவியின் தலைக்கும் மருந்து போட்டேன். எனக்குப் போட்டுக்கொள்ளச் சொல்லி அவள் கெஞ்சினாள், திட்டினாள். என் தலையிலாவது, பேனாவது? நாள் முழுக்கக் காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் வாடையில் நிற்கிறவன் தலைக்கு எந்தப் பேன் வரும் என்று கேட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

தை பிறந்ததும் டாக்டரம்மாவிடம் காட்டினோம். தலை சுத்தம், புண் ஆறிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். மனைவிக்கும் கட்டுப் பிரித்தாயிற்று. இனி சாமி கணக்குத்தான் பாக்கி. வேறு வழியில்லாமல் அக்காவுக்குப் போன் போட்டேன். அந்தச் சண்டைக்கு அப்புறம் பேசுகிற முதல் பேச்சு.

"பேன் போயிருச்சு. நீ கட்டுனது, நீயே வந்து அவிழு. ஞாயித்துக்கிழமை குன்றக்குடி."

"வாரேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குன்றக்குடி அடிவாரத்தில் அக்கா எங்களுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தாள். கொண்டையில் பூ. கையில் ஒரு துணிப்பை. என்னிடம் பேசவில்லை. மகளைக் கூப்பிட்டுப் பையைக் கொடுத்தாள். உள்ளே ஒரு புதுச் சுடிதார். கூடவே, மொட்டைத் தலையோடு பள்ளிக்கூடம் போகும்போது போட்டுக்கொள்ள ஒரு ரோஸ் கலர் தொப்பி. மேலே இரண்டு முயல் காது. பிள்ளை தொப்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டிவிட்டு நேராகப் போய் மொட்டைக்குச் சீட்டு வாங்கினேன். முடி எடுக்கிற இடத்தில் சட்டையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு நானே உட்கார்ந்தேன். முடி எடுக்கிறவர் என் தலையில் தண்ணீரைத் தேய்த்து, முன்னால் ஒரு இழுப்பும் இழுத்துவிட்டார். அப்போதுதான் அக்காவுக்கு விஷயம் புரிந்தது.

"எந்திரிடா! என்ன கூத்து இது? நேந்தது பிள்ளை முடியை."

"பிள்ளையைப் பெத்தவன் நான். சாமிக்கு முடிதான வேணும்? என்னுதை எடுத்துக்கட்டும்."

"ஒன் முடி ஒரு முடியா? பாத்திரம் தேய்க்கிற தேங்கா நாரு மாதிரி இருக்கு. அதைக் குடுத்தா முருகன் வாங்குவானா?"

"வாங்கலேன்னா திருப்பித் தரட்டும்!"

சுற்றி மொட்டைக்குக் காத்திருந்தவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள். அழுதுகொண்டிருந்த கைக்குழந்தைகள்கூட வாயை மூடிவிட்டன. நான் ஒன்று சொல்ல, அவள் ஒன்பது சொல்ல, தலையைத் திருப்பித் திருப்பிச் சண்டை போட்டேன்.

"அண்ணே, தலையை ஆட்டாதீக. பிளேடு என் கையில இருக்கு" என்றார் முடி எடுக்கிறவர். கொஞ்சம் பொறுத்து என் காதுக்கிட்டே குனிந்தார். "இன்னொண்ணு. சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது."

"என்ன?"

"தலையில பேன் ஓடுதுண்ணே."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் என் மனைவிக்குக் கேட்டுவிட்டது. "வார்னிஷ் வாடைக்கு வராதுன்னீக?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டு அப்படியே தூணில் சாய்ந்துவிட்டாள் சிரிப்பில். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் பாதி மொட்டையோடு எங்கே ஓடுவது?

அக்காவுக்குக் கேட்க வேண்டுமா? "பாத்தியா! ஊருக்கெல்லாம் நியாயம் பேசுற தலையைப் பாத்தியா!" என்று கையைத் தட்டினாள். தட்டிவிட்டு, அதே கையால் கொண்டைக்குக் கீழே சொறிந்தாள். அன்றைக்குக் காலையில் இருந்தே அவள் சொறிந்துகொண்டுதான் இருந்தாள். நான் கவனிக்கவில்லை. என் மகள் கவனித்துவிட்டாள். இரண்டு மாதமாகப் பேனோடு குடும்பம் நடத்தியவள் அல்லவா.

"அத்தை, ஒங்களுக்கும் அரிக்குதா?"

"இது வேர்வைடி."

"காட்டுங்க."

தூணுக்குப் பின்னால் அத்தையை உட்கார வைத்துக் கழுத்துக்கு மேலே முடியைப் பிரித்துப் பார்த்தாள். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இருந்து இரண்டு பேர் முகமும் எனக்குத் தெரிந்தது. "ஈரு அத்தை. நெறைய இருக்கு" என்று பிள்ளை கிசுகிசுத்தாள். அக்காவின் முகம் செத்துப்போய்விட்டது. தலையாலேயே பெருமைப்பட்ட பொம்பளை. எங்கள் வீட்டுக்கு உதவிக்கு வந்து, எங்கள் பிள்ளையோடு ஒரே பாயில் படுத்து வாங்கிக்கொண்டு போனது அது. ஆனால் அப்போது எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. இரண்டு மாதமாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டிவிட வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் என் மகள் அத்தையின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதீக அத்தை. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். மருந்து வீட்டுல இருக்கு. நானே போட்டு வாரி விடுறேன். ஒரு வாரம் விட்டு இன்னொரு தடவை போட்டாப் போயிரும். முடியெல்லாம் எடுக்க வேண்டாம்."

அக்கா அவளையே பார்த்தாள். பிறகு கொண்டையில் இருந்த பூவை எடுத்து என் மகள் தலையில் வைத்தாள். கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவிப் பிள்ளையின் கையில் கொடுத்தாள். எழுந்து வந்து என் தோளைத் தட்டினாள்.

"தம்பி, கொஞ்சம் தள்ளி ஒக்காரு."

பக்கத்தில் உட்கார்ந்து முடி எடுக்கிறவரிடம், "இவனுக்கு முடிச்சதும் எனக்கும் எறக்குப்பா" என்றாள்.

நான் பதறிவிட்டேன். "ஏக்கா, பைத்தியமா? அதான் மருந்து இருக்குன்னு சொல்லுதுல்ல பிள்ளை?"

"பேனுக்கா எறக்குறேன்? பிள்ளைக்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, அது முடியைத் தாரேன்னு சாமிக்கிட்டச் சொன்னது நானு. அப்ப யாருடா குடுக்கணும்?"

"மச்சான் என்ன சொல்லுவாக?"

"ஒங்க மச்சான் தலையில ஒண்ணுமில்லாமப் போயி எம்புட்டு வருசமாச்சு? இப்பத்தான் சோடி சேரும். நீ ஆடாம ஒக்காரு."

அந்த முடி விழுந்ததை நான் பார்த்தேன். மடியில் நிறைந்து தரையிலும் விழுந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் மனைவி சிரிப்பை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முடி எல்லாம் இறங்கியதும் அக்கா தலையைத் தடவிப் பார்த்தாள். "அப்பாடி, காத்து நல்லா வருதுடா!" என்றாள். அவ்வளவுதான், மறுபடி எல்லோரும் சிரித்துவிட்டோம்.

குளித்துவிட்டு வந்ததும் எங்கள் இரண்டு பேர் தலையிலும் என் மகள்தான் சந்தனம் பூசினாள். மலையேறி, வீட்டில் இருந்து கட்டோடு கொண்டுவந்திருந்த மஞ்சள் துணியை அக்கா கையாலேயே அவிழ்த்துக் காசை உண்டியலில் போட்டோம். கீழே இறங்கி இட்லி சாப்பிடும்போது என் மனைவி இரண்டு மொட்டையையும் ஒன்றாக நிற்க வைத்துப் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டாள். வெயில் ஏறியதும் அக்கா பிள்ளை கையில் இருந்த துணிப்பைக்குள் இருந்து அந்த ரோஸ் தொப்பியை எடுத்தாள். தலையில் மாட்டினாள். இரண்டு முயல் காதும் ஆட ஆட, பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கை காட்டிக்கொண்டே போனாள். சாயங்காலம் போன் வந்தது. கதவைத் திறந்த மச்சான், "யாரும்மா, என்ன வேணும்?" என்று கேட்டாராம்.

அன்றைக்கே என் மனைவி என் சட்டையில் இருந்து தலையணை உறை வரை எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்துப் போட்டுவிட்டுத்தான் ஓய்ந்தாள். மகளின் முடி இப்போது இன்னும் நாலு விரல் வளர்ந்திருக்கிறது. கட்டுப் பிரித்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைச் சடை என் பொறுப்புதான், அவளே கேட்டு வாங்கிக்கொண்ட ஏற்பாடு அது.

அக்காவும் நானும் அதற்கப்புறமும் இரண்டு தடவை சண்டை போட்டுவிட்டோம், இனியும் போடுவோம். ஆனால் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லிவிட்டால் அதை மறைக்க இன்னும் நூறு வார்த்தை கத்துகிற எனக்கு, அத்தனை பேர் பார்க்கக் கொண்டை ஊசியை உருவிக் கொடுத்துவிட்டு, தன் தப்பை ஒத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாளே, அது மறக்கவில்லை. அப்படி உட்கார எனக்கும் ஒரு நாள் மனசு வந்தால் போதும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.